ஸ்டியரிங்கில் வைத்த பொட்டு

ஆடிக் காற்று கணவாய்க்குள் புகுந்துவிட்டால் கோவிந்தாபுரத்தில் எதையும் திறந்து வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீரில் மண், தின்கிற சோற்றில் மண், பேச வாயைத் திறந்தால் அதிலும் மண். மருதாத்தாள் அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை தன்பாட்டுக்குக் காயைப் பறித்துக் கூடையில் போட்டது. மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. புருஷன் பதினெட்டு நாளாக வீட்டோடு இருக்கிறான். ஆம்பிளை பதினெட்டு நாள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தால், இருக்கிற இரண்டு அறையும் ஒரு அறையாகச் சுருங்கிப்போகும்.

அர்த்தநாரிக்குப் புதுக் கார் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. எழுபதுகளின் அந்த நாளில் இந்தப் பக்கம் யாராவது கார் வாங்கினால் அது ரயிலிலும் வராது, லாரியிலும் வராது. கோயமுத்தூர்க் கம்பெனி ஒரு டிரைவரை மெட்ராஸுக்கு அனுப்பும். அவன் பாக்டரி வாசலில் காரை வாங்கி, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், எஞ்சினைச் சூடேற்றாமல் மெள்ள மெள்ள ஓட்டி, வாங்கினவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒன்பது வருஷத்தில் நூற்றுச் சொச்சம் கார் அப்படிக் கொண்டுவந்திருக்கிறான். ஒன்றிலும் ஒரு கீறல் கிடையாது. கம்பெனியில் அவனுக்கு இருந்த மரியாதை அதனால் வந்தது.

கம்பெனிக்கு ஒரு சட்டம் உண்டு. நேர் வழியை விட்டு ஒதுங்கக் கூடாது. ஒதுங்கினது தெரிந்தால் அன்றோடு வேலை போயிற்று. அர்த்தநாரி மற்ற எல்லாச் சட்டத்தையும் மதிப்பான். இந்த ஒன்றை மட்டும், பொள்ளாச்சி வழியாகப் போகிற கார் கையில் இருந்தால், மதிக்க மாட்டான். பொள்ளாச்சியில் மேற்கே திருப்பி வீட்டுக்கு வந்துவிடுவான். குளிப்பான், சுடுசோறு தின்பான், ஒரு மணி நேரம் கட்டையைச் சாய்ப்பான். வீடு செக்போஸ்டுக்கு வருமுன்னே பிரிகிற காட்டுத்தடத்தில் இருந்ததால் அந்த வரவு எந்த நோட்டிலும் ஏறாது. அவன் தூங்குகிற நேரத்தில் மருதாத்தாள் காருக்குள் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்துவிடுவாள்.

கடைசியாக வந்தது தேவிகுளத்துப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போகிற கார். பாலாடை நிறம். அதுவும் வழக்கம்போல் வந்து நின்று புறப்பட்டுப் போனது. மறையூர் தாண்டி மலை ஏறும்போது, மழையில் ஊறிய மேட்டிலிருந்து ஒரு பாறைத்துண்டு பெயர்ந்து அதன் இடது பக்கத்தில் விழுந்தது. கூரை அமுங்கி, கதவு மடங்கி, முன் கண்ணாடி சோளப்பொரியாகச் சிதறிவிட்டது. அர்த்தநாரிக்கு நெற்றியில் நாலு தையல். உயிர் பிழைத்ததே பெரிது என்று மருதாத்தாள் மாகாளியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். வழியில் ஏதாவது ஆனால் கொடுப்பதற்கென்றே இன்சூரன்ஸ் இருக்கிறது, அவர்கள் கொடுத்து முடிக்கிறவரை தனக்கு வேறு கார் தரமாட்டார்கள், அவ்வளவுதான் என்று அர்த்தநாரி சொல்லியிருந்தான். அவளும் அவ்வளவுதான் என்று நம்பியிருந்தாள்.

பொள்ளாச்சி பஸ் போன சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில், காட்டுத்தடத்தில் ஒரு ஆள் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தான். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் பாஸ்கல். பொள்ளாச்சிக்குச் சாமான் வாங்க வந்தவனை, புதுக் காரிலேயே ஏறி வந்துவிடச் சொல்லி எஸ்டேட் துரை உத்தரவு போட்டிருந்தார். அதனால் விபத்தன்று காரின் பின் சீட்டில் இருந்தான். இதே வாசலில் உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோற்றை மூன்று தரம் வாங்கித் தின்றவன்.

"வாங்க தம்பி. அவரு காட்டுக்குப் போயிருக்கறாருங்க, இப்ப வந்துருவாரு. மொதல்ல தண்ணி குடிங்க."

பாஸ்கல் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். "எஸ்டேட் தூளுக்கா. புஷ்பமேரி குடுத்துவிட்டா."

"ஊட்டுல செளக்கியங்களா?"

"இருக்காக்கா. எட்டாம் மாசம்."

அவள் கம்மஞ்சோற்றைக் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் உரித்து வைத்தாள். அன்றைக்கு மூன்று தரம் வாங்கித் தின்றவன் இன்றைக்கு வெங்காயத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏந்தம்பி, காரு செரியாயிருச்சுங்களா?"

"எங்கக்கா. தார்ப்பாயப் போட்டு மூடிக் கெடக்கு. அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியா?"

"இன்சூரன்சுல குடுத்துருவாங்கன்னாரு."

பாஸ்கல் மென்று முழுங்கினான். "குடுக்க மாட்டாங்க போலுக்கக்கா. பூச போட்டாச்சுல்லா, அதான்."

"என்ன பூசைங்க?"

"இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து காரப் பாத்தாரு. ஸ்டியரிங்குல பொட்டு இருக்கு, சீட்டுக்கு அடியில எலுமிச்சம்பழம் கெடக்கு. பூச போட்டது ஆருன்னு கேக்காரு. வாங்குனவன் கைக்கு வராம எவன் புதுக் காருக்குப் பூச போடுவாங்காரு. எஸ்டேட் ஆளு காருக்குள்ள இருந்திருக்கான், பூசயும் ஆயிருக்கு. அப்பம் மலை ஏறுததுக்கு முன்னயே எஸ்டேட்டு டெலிவரி எடுத்தாச்சுன்னு அர்த்தமாம். டெலிவரி ஆயிட்டா கம்பெனி எடுத்த இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சு. எஸ்டேட் எடுக்க வேண்டிய இன்சூரன்ஸ் இன்னும் எடுக்கவே இல்ல. ரெண்டுக்கும் நடுவுல காரு அந்தரத்துல நிக்குன்னு சொல்லுதாரு."

"நீங்க கிறிஸ்தவங்க, உங்களுக்கு எலுமிச்சம்பழம் ஏதுங்க? அதச் சொல்லலீங்களா?"

"சொன்னேன்க்கா. உங்க ஊரு ஜீப்புல சிலுவையும் எலுமிச்சம்பழமும் ஒரே கயித்துல தொங்கதப் பாத்திருக்கேன்னுட்டாரு. அது நெசந்தான, என்னத்தச் சொல்ல."

மருதாத்தாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தாள்.

"இப்பம் தொர என்னயப் பிடிச்சுக்கிட்டாரு. கேக்காம கொள்ளாம டெலிவரி எடுத்தது நீதான்னு. வெள்ளிக்கெழமைக்குள்ள பாலக்காட்டுக்குப் போயி, பூச போட்டது ஆருன்னு சர்வேயர்ட்ட எழுதிக் குடுக்கணும். இல்லன்னா வேல இல்லன்னுட்டாரு. வேல போனா எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீடும் போச்சு. இந்த மழையில அவளக் கூட்டிட்டு எங்கக்கா போக?"

"இந்த ஊட்டுல வெச்சதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லங்க தம்பி?"

"பொள்ளாச்சியில ஏறும்போதே அண்ணாச்சி வாக்கு வாங்கிட்டாரு. ஊட்டுக்குப் போனத ஆருகிட்டயும் சொல்லப்படாதுன்னு. ஒங்க சோத்தத் தின்னுட்டு எப்படிக்கா சொல்ல? அதான் அவருட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

மருதாத்தாள் கூடையைத் தள்ளி வைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பார்களே, அது தன் கையாலேயே நடந்திருக்கிறது. நல்லதுக்கென்று வைத்த பொட்டு ஒரு கர்ப்பிணியை வீதிக்கு இழுக்கிறது. இதைத் தடுக்க வேண்டுமானால் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் தன் வீட்டு அடுப்பு அணைந்துபோகும்.

அர்த்தநாரி தலையில் புல்கட்டோடு வந்தான். பாஸ்கலைப் பார்த்ததும் கட்டைப் போடாமல் அப்படியே ஒரு நிமிஷம் நின்றான். அந்த நிற்பிலேயே மருதாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்குளுக்கு முன்னயே தெரியுமாங்க?"

"கம்பெனில கூப்பிட்டுக் கேட்டாங்க. பத்து நாளாச்சு."

"எங்கிட்டச் சொல்லலியே?"

அவன் கட்டை மாட்டுக்கு முன்னால் போட்டான். துண்டை உதறினான். உதறி முடிந்தும் உதறினான். "உன்ற கையில வெச்ச பொட்டுனால வந்துதுன்னு எப்படிப் புள்ள சொல்றது?"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து நாள் ராத்திரி அவன் புரண்டு புரண்டு படுத்ததை, தையல் வலி என்று நினைத்து அவள் எண்ணெய் தடவிவிட்டிருந்தாள்.

"வழியில ஒரு கோயல்ல பூசாரி வெச்சான்னு சொல்லிப்போட்டா என்னுங்க தம்பி?" என்றான் அர்த்தநாரி.

"எந்தக் கோயிலும்பாரு. பூசாரியக் கூட்டிட்டு வாம்பாரு. வேண்டாம் அண்ணாச்சி, பொய்ச்சாட்சி சொல்ல என்னால ஏலாது. ஒங்களக் காட்டிக் குடுக்கவும் மாட்டேன். நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

"வழி என்னுங்க இருக்குது? உள்ளதச் சொன்னா எம்பொழப்புப் போச்சு. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல நானெங்க போயி எந்த லாரியில ஒட்டிக்கறது? சொல்லாட்டி உங்க பொழப்புப் போச்சு."

இரண்டு ஆம்பிளைகளும் தரையைப் பார்த்தார்கள். காற்று கடலைத் தழையை வாரிக்கொண்டு போய் வேலியில் அப்பியது. மருதாத்தாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"பொட்டு வெச்சது நானு. ஆருன்னு கேட்டா நானுன்னு சொல்லோணுமல்ல. வெள்ளிக்கெழம நானும் வாரனுங்க."

"எங்க வெச்சு வெச்சேன்னு கேட்டா?" என்றான் அர்த்தநாரி.

"கேக்கறப்பப் பாத்துக்கலாமுங்க."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கொல்லங்கோடு வழியாகப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் நாற்று நட்ட வயல், குனிந்த முதுகுகள். சர்வேயர் அனந்தராமன் வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்திருந்தார். காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டுக் காகிதத்தின் மேலும் ஒரு உடைந்த கார்ச் சாமான்: விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, பல்லுப் போன ஒரு கியர். ஒல்லியான மனுஷர். எதிரில் இருப்பவரைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு.

"பூஜை ஆரு பண்ணினது?"

"நானுங்க."

"நீங்க ஆராக்கும்?"

"டிரைவரு ஊட்டுக்காரிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நன்னாயிருக்கு. எஸ்டேட்காரா வாங்கின கார். அதுக்கு டிரைவரோட ஆத்துக்காரி எதுக்குப் பூஜை பண்ணணும்? இந்தப் பிள்ளையாண்டான் சொல்லிக் குடுத்து வந்திருக்கேளா?"

"வண்டிக்குப் பண்ணலீங்க," என்றாள் மருதாத்தாள். "இவருக்குப் பண்ணுனனுங்க."

அர்த்தநாரி தலையை நிமிர்த்தினான். ஒன்பது வருஷமாக அவன் அசந்து தூங்கின நேரத்தில் நடந்த காரியம் அது. என்ன, ஏன் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

"புது வண்டிக்குப் பூசையெல்லாம் வாங்குனவிங்க வாசல்லதானுங்க. பூசினிக்காய் சுத்தறது, நாலு டயருக்கும் பழம் வெக்கறது, எல்லாம் அங்கதான். அது ஆகற வரைக்கும் வண்டிக்குச் சாமி தொண இல்லீங்க. சாமி தொண இல்லாத வண்டியில மெட்ராசுல இருந்து அந்த வாசல் வரைக்கும் இவரு ஒருத்தருதானுங்க உக்காந்துட்டு வாராரு. அதுக்காவ, இவரு கை வெக்கற எடத்துல ஒரு பொட்டு, இவரு உக்கார்ற எடத்துக்கு அடியில ஒரு பழம். அவ்வளவுதானுங்க. பொறத்தியாரு வண்டி மூஞ்சியில நான் கை வெக்க மாட்டனுங்க. நீங்கதான் பாத்தீங்களே, பானட்டுல பொட்டு இருந்துதுங்களா?"

"மலையில அத்தனை மழை. அலம்பிண்டு போயிருக்கும்."

"உள்ளார மழை பேயலீங்களே. இந்தத் தம்பி பின்னால உக்காந்துட்டு வந்தாரு. அவிங்க எடுத்துக்கிட்ட வண்டின்னா, அந்தப் பக்கம் ஒரு பூ, ஒரு பொட்டு இல்லாம இருக்குமுங்களா?"

அனந்தராமன் காகிதங்களைப் புரட்டினார். தான் எழுதின குறிப்பை விரல் வைத்து வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"ஸ்டியரிங் நடுவில ஒண்ணு. டிரைவர் சீட்டுக்கு அடியில ஒண்ணு. வேற எங்கேயும் எழுதலை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "இருபது வருஷமா இதைத்தானே அம்மா நானும் பண்ணிண்டிருக்கேன். பொறப்பட்ட எடத்துக்கும் சேர்ற எடத்துக்கும் நடுவில உள்ளதுக்கு மட்டும் காவல். அதுக்கு நாங்க பாலிசின்னு பேர் வெச்சிருக்கோம்."

டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகினார். பாஸ்கலின் தோள் தளர்ந்தது. நாலு வரி அடித்ததும் டைப்ரைட்டர் நின்றது.

"எவடெ வெச்சு? ஊர் பேரு வேணுமே."

அர்த்தநாரி இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டான். மருதாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

"பொள்ளாச்சியிலீங்க. பஸ்ஸுல வந்து ரோட்டோரமா நிப்பனுங்க. வண்டி வந்தா வெச்சுப்போட்டுத் திரும்பிருவனுங்க."

காது இரண்டும் சுட்டது. ரேஷன் கடையில்கூட ஒரு பொய் சொல்லித் தெரியாதவள். பாஸ்கல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

அனந்தராமன் இன்னொரு காகிதத்தை எடுத்தார். "மீட்டர் அப்படிச் சொல்லலையே. மெட்ராஸ்லேந்து பாறை விழுந்த எடம் வரைக்கும் வர வேண்டியதைக் காட்டிலும் நாப்பது கிலோமீட்டர் ஜாஸ்தின்னா ஓடியிருக்கு."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போய் முடிகிற வரைக்கும் அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அடியில் வைத்தார்.

"போகட்டும். கார் டெலிவரி ஆச்சா இல்லையான்னுதான் என்கிட்டக் கேட்டிருக்கா. மீட்டரைப் பத்தி ஆரும் கேக்கலை." ஊர்ப் பெயரை அடித்தார். அவளிடம் ரேகை வாங்கிக்கொண்டு, மைக்குத் துணியை நீட்டினார். "அம்மா, நான் எழுதிக் குடுத்தது பொய்யாகப்படாது, கேட்டேளா? இனிமே அங்கேயே வந்து நில்லுங்கோ."

பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டில் பாஸ்கலுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களேக்கா."

"உங்குளுக்குச் சொன்னது நெசமுங்க தம்பி. பொய்யி எங்க ஊட்டுக்காரருக்கு," என்றாள் மருதாத்தாள். "போயி புஷ்பமேரியப் பாருங்க."

புரட்டாசியில் இன்சூரன்ஸ் முடிந்தது. அர்த்தநாரிக்குத் திரும்பவும் கார் கொடுத்தார்கள். ஆனால் இந்த ஒரு கேஸில் பட்ட பாட்டுக்குப் பிறகு கம்பெனி, புறப்படுகிற இடத்திலும் சேர்கிற இடத்திலும் மீட்டரைக் குறித்துக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தது. இனி ஒரு கிலோமீட்டர்கூட ஒதுங்க முடியாது. ஐப்பசியில் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. புதன்கிழமை காலையில் பொள்ளாச்சி தாண்டுவேன் என்று இரண்டு வரி.

மருதாத்தாள் விடியக்காலம் எழுந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் விட்டு, தூக்குப்போசியில் மூடி, துணி சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போனாள். உடுமலை ரோடு பிரிகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றாள். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் யாருக்காக நிற்கிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பத்தரைக்கு ஒரு கரும்பச்சைக் கார் வேகம் குறைத்து வந்து நின்றது. எஞ்சினை அவன் நிறுத்தவில்லை. காரை வாங்கினவரே கோயமுத்தூரில் ஏறிப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கின் நடுவில் பொட்டு வைத்தாள். அவன் கை இரண்டும் அதன் மேலேயே இருந்தன. ஒரு கையின் மேல் அவள் விரல் பட்டது. கதவைக் கொஞ்சம் திறந்து, குனிந்து பழத்தைச் சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டாள். போசியைத் தூக்கிக் காட்டினாள். அவன் பின்பக்கம் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்று இலேசாகத் தலையசைத்தான். நெற்றித் தழும்புக்குக் கீழே கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"யாரப்பா இந்தம்மா?" என்றார் பின்னால் இருந்தவர்.

"எங்க ஊட்டுக்காரிங்க. எப்பவும் இங்கதான் வந்து நிப்பாளுங்க."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னான். ஒன்பது வருஷத்துக் குளியலும் சுடுசோறும் ஒரு மணி நேரத் தூக்கமும், அவன் எழுந்திருக்கிற வரைக்கும் கோழி கூவாமல் விரட்டிக்கொண்டு அவள் காவல் இருந்த மத்தியானங்களும் நடக்கவே இல்லை என்று அந்த ஒரு வார்த்தையில் ஆகிவிட்டது. அவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். இருந்தும் போசியைச் சுற்றின துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"அப்படியாம்மா? எப்பவுமா?"

"ஆமாங்க," என்றாள் மருதாத்தாள்.

கார் உடுமலை ரோட்டில் திரும்பிப் போயிற்று. அவள் கோவிந்தாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் போசியின் சூடு இன்னும் முழுசாக ஆறவில்லை.